சிவப்பு மையில் திருத்திய வரி

விரலில் ஒட்டிய சிவப்பு மை லேசில் போகாது. பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் நின்று தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. தை மாத வெயில் இதமாக இருந்தது. அறுத்த வயலிலிருந்து தாள் வாசனை வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் வரதராஜன் சார் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் டிராயிங் வாத்தியார். யாரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பார்.

"ஊரையே புரட்டிப் போட்டுட்டாங்க டீச்சர். வைக்கோல் போரை எல்லாம் கம்பியால குத்திப் பாத்தாச்சு. இந்த மாரிமுத்து எங்கதான் ஒளிஞ்சிருக்கானோ!" என்றார்.

ஒளிஞ்சிருக்கான். இந்த வார்த்தையை இன்று காலையில் எழுதினேனே, எங்கே எழுதினேன்? நாரைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். இங்கிலீஷில் எழுதினேன். 'ஹேஸ் பீன் ஹைடிங்'. சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், அடியில் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டு எழுதினேன்.

அப்புறம்தான் முழு வாக்கியமும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

'என் அப்பா கிழக்குப் படுகைச் செங்கல் சூளையில் ஒளிந்துகொண்டிருக்கிறார். என் அம்மா அங்கே சோறு கொண்டுபோகிறாள்.'

எழுதியவள் எட்டாம் வகுப்பு பி பிரிவு அஞ்சலை. மாரிமுத்துவின் மகள். அந்த நோட்டு மற்ற நாற்பது நோட்டுகளோடு கட்டாகக் கட்டி ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் அறையில்தான் மூன்று நாளாக சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

யா ரப்பே! கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன டீச்சர், தலை சுத்துதா? காலைல சாப்பிடலையா?" என்று கேட்டார் வரதராஜன் சார்.

ஊர்ப் பெயர் வேண்டாம்

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டுக் கடிதம் போடாதீர்கள். அங்கே இன்னும் அதே குடும்பங்கள்தான் இருக்கின்றன. நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கினால் நாலு பக்கமும் வயல். அவ்வளவு போதும்.

புது ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரிய நிலக்காரர்களின் நிலத்துக்கு உச்சவரம்பு வரும், கூலி கூடும் என்று மேடைக்கு மேடை பேச்சு. வயலில் வேறு கதை. அறுவடைக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சிவப்புக் கொடி நட்டார்கள் உள்ளூர்க்காரர்கள். பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். வரப்பில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டதில் பண்ணைக் காரியஸ்தர் ஒருவரின் மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அடித்தது மாரிமுத்து என்று கேஸ். மாரிமுத்து சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். அவர் அடித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிடிபட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின வாரம் பிடித்துக்கொண்டு போன இரண்டு பேரை மாட்டு வண்டியில் படுக்க வைத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் அதற்கப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.

ரிசர்வ் போலீஸ் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகளில் முகாம் போட்டது. சப்-இன்ஸ்பெக்டருக்கு ஹெட்மாஸ்டர் அறை. அங்கேதான் டெலிபோனும் மின்விசிறியும் இருந்தன.

நான் இதில் எந்தப் பக்கமும் இல்லை. நீடாமங்கலத்து ஜவுளிக்கடைக்காரர் மகள். எங்களுக்கு நிலமும் கிடையாது, சங்கமும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று என் அத்தா சொன்னது இதுதான்: "ஜமீலா, போனோமா, பாடம் நடத்துனோமா, வந்தோமான்னு இரு. எந்தப் பக்கமும் வாயக் கொடுக்காதே." வயது இருபத்திரண்டு. வாயைக் கொடுக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹென்றியை விரட்டிய கதை

வரதராஜன் சார் ஒரு காலத்தில் இந்தி வாத்தியார். பள்ளிக்கூடங்களில் இந்தியை எடுத்துவிட்டபோது மனுஷன் என்ன செய்வார், பாவம்! ஹெட்மாஸ்டர் அவர் கையில் ஒரு பெட்டி கலர் சாக்பீஸைக் கொடுத்து டிராயிங் வாத்தியார் ஆக்கிவிட்டார். அவருக்கு மாம்பழம் மட்டும்தான் வரையத் தெரியும். மூன்று வருஷம் பிள்ளைகள் மாம்பழமே வரைந்தார்கள்.

இந்தி பீரியடில் பாதி எனக்கு வந்தது. ஆக எட்டாம் வகுப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு இங்கிலீஷ் பீரியட். அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இலக்கணம் நடத்தினேன்.

வாக்கியத்தில் வினைத்தொடரைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுவது அந்த வருஷப் பாடம். கேள்வித்தாளில் பத்து மார்க் நிச்சயம். நம் பிள்ளைகளுக்கு அது வரவே வராது. தமிழில் வினை கடைசியில் வந்து சமர்த்தாக நிற்கும். இங்கிலீஷில் நடுவில் நிற்கும். அதுவும் ஒற்றையாக நிற்காது. இரண்டு மூன்று சொல் சேர்ந்து நின்றால்தான் ஒரு வினை. பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

புத்தகத்து வாக்கியங்களோ வேறு உலகம். ஹென்றி சந்தைக்குப் போனான். மேரி பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். கோட்டகத்து வயல்வெளியில் வளர்ந்த பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. அதில் எப்படி விளையாடுவது என்று கேட்டான் ஒருவன்.

ஒரு நாள் கோபத்தில் புத்தகத்தை மூடினேன். "ஹென்றி எங்கயாவது போகட்டும். நேத்து உங்க வீட்டுல யாரு என்ன செஞ்சாங்களோ, அதை அஞ்சு வாக்கியமா எழுதுங்க. வினைத்தொடருக்கு அடியில கோடு போடுங்க" என்றேன்.

எழுதினார்கள் பாருங்கள்! 'எங்கள் ஆடு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் தின்றுவிட்டது.' 'மாமா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று படுத்திருக்கிறார்.' எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவள் மாதிரி நடந்தேன்.

ஆரம்பத்தில் சில பிள்ளைகள் தயங்கின. வீட்டு விஷயத்தை எழுதினால் அப்பா அடிப்பார் என்றன. அப்போது நான் ஒன்று சொன்னேன். வாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறேன் என்று நினைத்த அதே ஜமீலாதான் சொன்னாள்.

"அட, இங்கிலீஷ்லதானே எழுதறீங்க? உங்க வீட்டுல யாரு படிக்கப் போறாங்க? தைரியமா எழுதுங்க."

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கிலீஷில் எழுதினால் அது யாருக்கும் தெரியாது, மண்ணில் புதைத்து வைத்த மாதிரி என்று நம்பிவிட்டார்கள். நான் சொன்னேன் என்றுதான் நம்பினார்கள்.

நான் படிக்கவில்லை

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டைத் திருத்தினேனே தவிர, நான் படிக்கவில்லை.

நாற்பத்தோரு நோட்டு. ஆளுக்கு ஐந்து வாக்கியம். என் கண் வினையை மட்டும் தேடும். தப்பு இருந்தால் அடித்து மேலே எழுதும். சரியாக இருந்தால் டிக். யார் செய்தார், எங்கே செய்தார் என்பதெல்லாம் என் கண்ணில் படாது. அஞ்சலை 'இஸ் ஹைட்' என்று தப்பாக எழுதியிருந்தாள். நான் பொறுப்பாக 'ஹேஸ் பீன் ஹைடிங்' என்று திருத்தினேன். அவள் எழுதியதை விட்டிருந்தால்கூடச் சிலருக்குப் புரியாமல் போயிருக்கும். எந்த மடையனுக்கும் புரிகிற மாதிரி ஆக்கியவள் நான்.

நோட்டுகளை மாதக் கடைசியில் ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்கு அனுப்புவது வழக்கம். அன்று மாதக் கடைசி. கட்டை வகுப்பு லீடர் தூக்கிக்கொண்டு போனபோது நான் கிணற்றடிக்குக் கை கழுவப் போயிருந்தேன்.

இருபத்தேழாவது நோட்டு

ஹெட்மாஸ்டர் அறை வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு நோட்டு. மேஜையில் என் கட்டு பிரிந்து கிடந்தது. முப்பது வயதிருக்கும். பி.ஏ. படித்தவர். பார்த்தால் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வாங்க டீச்சர், வாங்க! உங்க பசங்க சூப்பரா எழுதறாங்களே. ஆடு ரிஜிஸ்டரைத் தின்னுடுச்சாம்! மூணு நாளா இந்த ஊர்ல நான் சிரிச்சதே இல்ல. உக்காருங்க. முறுக்கு எடுத்துக்குங்க" என்றார்.

ஹெட்மாஸ்டர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியில்தான் போலீஸ் உட்கார்ந்திருந்தது. பேருக்குச் சிரித்தார்.

"சார், மார்க் இன்னும் போடலை. நோட்டை எடுத்துட்டுப் போறேன்" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"போடலாம், போடலாம். என்ன அவசரம்? நான் படிச்சு முடிச்சுடறேன்."

நோட்டுகள் ரிஜிஸ்டர் வரிசையில் அடுக்கியிருந்தன. முதலில் பையன்கள் இருபத்தாறு பேர். அப்புறம் பெண் பிள்ளைகள் அகர வரிசையில். பெண்களில் முதல் பெயர் அஞ்சலை. இருபத்தேழாவது நோட்டு. படித்து முடித்ததை அவர் இடது பக்கம் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே எண்ணினேன். பத்தொன்பது.

முறுக்கை வாயில் போட்டேன். மெல்ல முடியவில்லை. விழுங்கவும் முடியவில்லை.

இருபது. இருபத்தொன்று. ஒரு நோட்டில் 'போலீஸ்காரர்கள் எங்கள் கோழியைச் சாப்பிட்டுவிட்டார்கள்' என்று இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தார். ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் திடீரென்று சிரித்தார். "நிஜம்தான் டீச்சர். நல்ல கோழி" என்றார்.

இருபத்து மூன்று. இருபத்து நாலு. அப்போது டீ வந்தது. அவர் ஒரு கையில் டம்ளரை வாங்கினார். நோட்டைப் புரட்டக் கை இல்லை. அந்த ஒரு வினாடியில் எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை.

"நீங்க டீ சாப்பிடுங்க சார், நான் படிக்கிறேன். இவங்க கையெழுத்து எனக்குத்தான் புரியும்" என்றேன்.

"அப்படியா? படிங்க, படிங்க."

கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இருபத்தைந்து, இருபத்தாறு. நிதானமாகப் படித்தேன். இருபத்தேழைத் திறந்தேன். நோட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு மை பளிச்சென்று அடித்தது. அவர் எட்டிப் பார்த்தால் முடிந்தது.

'மை ஃபாதர்' என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டும். என் அப்பா வயலுக்குப் போனார் என்று சொல்லியிருக்கலாம். என் அப்பாவுக்கு ஜுரம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. போன வாரம் இதே பிள்ளை எழுதி நான் திருத்திய ஒரு வரிதான் வாயில் வந்தது. 'என் சித்தப்பா ராமையன் கோடியக்கரை உப்பளத்தில் வேலை செய்கிறார்.' அதன் வால் என் நாக்கில் தயாராக இருந்தது. ஒட்டிவிட்டேன்.

"என் அப்பா கோடியக்கரை உப்பளத்துல வேலை செஞ்சுக்கிட்டிருக்கார்" என்று இங்கிலீஷில் படித்தேன்.

"சரி, அடுத்தது?" என்றார் அவர் டீயை ஊதிக்கொண்டே.

அத்தோடு போயிருக்கும். ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். பயந்த மனிதர். பயந்தவர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

"உப்பளமா? அஞ்சலைதானே டீச்சர்? அது மாரிமுத்து பொண்ணாச்சே!"

சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரை மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"யாரு பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். டெலிபோனைக் கையில் எடுத்து, சுழற்றி, எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். என் பக்கம் திரும்பி, "மார்க் போட்டு முடிச்சதும் அந்த நோட்டு எனக்கு வேணும் டீச்சர், நாளைக்கு ஃபைல்ல வைக்கணும்" என்று சொல்லிவிட்டு லைனில் நாளைக் காலைக்கு ஜீப்பும் ஆளும் கேட்க ஆரம்பித்தார்.

கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, என் டிபன் டப்பாவில் தொடாத சோற்றுக்கு அடியில் அதை வைத்து மூடினேன்.

தபாலாபீஸ் வாசல்

மாலை நீடாமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராகத் தபாலாபீஸுக்குப் போனேன். உப்பளத்தில் இருக்கும் ராமையனுக்குத் தந்தி கொடுத்துவிட வேண்டும். உடனே ஊரைவிட்டுப் போ என்று நாலு வார்த்தை. போலீஸ் அவரைப் பார்த்தால் விடாது. அண்ணன் எங்கே என்று கேட்கும். கேட்கிற விதம் எனக்குத் தெரியும்.

தந்திப் படிவத்தை வாங்கினேன். அடியில் அனுப்புகிறவர் பெயர், விலாசம் என்று இருந்தது.

"என்ன ஜமீலா, அத்தா சௌக்கியமா? தந்தி யாருக்கு? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்தவர். அத்தா கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்.

"ஒண்ணுமில்ல மாமா. ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாடத்துல வருது. காட்டலாம்னு வாங்கினேன்" என்றேன்.

படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மன்னார்குடி பஸ் இரண்டு போயிற்று. பொய்ப் பெயர் போட்டிருக்கலாம் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுத்த பத்தாவது நிமிஷமே எனக்கும் தோன்றியது. மறுபடி எழுந்து போகவில்லை.

கிழித்த பக்கத்தை அடுப்பில் போட்டேன். "என்னடி கருகுது?" என்று அம்மா கேட்டாள்.

சோற்றுப் பசை

மறுநாள் முதல் மணி அடித்ததும் வயதான கான்ஸ்டபிள் ஒருவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். "அந்த நோட்டை வாங்கிட்டு வரச்சொன்னாங்கம்மா. வண்டி கிளம்பப் போவுது."

"அரை மணி நேரம் கொடுங்க, மார்க் போட்டுத் தர்றேன்" என்றேன்.

அஞ்சலையைத் தையல் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒல்லிப் பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. கண் மட்டும் பெரிது. கதவைச் சாத்தியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நீ எழுதின பக்கத்தை நான் கிழிச்சுட்டேன். போலீஸ் நோட்டைக் கேக்குது. புதுசா எழுதணும். உன் கையெழுத்துலயே எழுதணும்" என்றேன்.

"என்ன டீச்சர் எழுதணும்?"

சொன்னேன்.

பேனாவை எடுத்தவள் நிமிர்ந்தாள். "அங்க எங்க சித்தப்பா இருக்காங்க டீச்சர்."

"தெரியும். எழுது."

"சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பவா டீச்சர்? அம்மா யாரையாவது அனுப்பும்."

"வேண்டாம். யாரு போனாலும் பின்னாலேயே போவாங்க. உங்கப்பாவையும் சேத்துப் பிடிப்பாங்க" என்றேன். அதில் உண்மையும் இருந்தது. என் பெயர் எங்கேயும் வந்துவிடக் கூடாது என்ற பயமும் அதற்குள்ளேயே இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் எழுதினாள். ஐந்து வாக்கியம். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினாள். மூக்கு நுனியில் வேர்வை வந்து நின்றது. எழுதி முடித்து, ஸ்கேலை வைத்து வினைத்தொடருக்குக் கோடும் போட்டாள். நான் சொல்லித்தந்த பாடம்.

தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் ஆடும். என் டிபன் டப்பாவைத் திறந்து நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கிப் புதுப் பக்கத்தை ஒட்டினேன். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து, எதுவும் நடக்காத மாதிரி, 'இஸ் வொர்க்கிங்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

கான்ஸ்டபிள் நோட்டைப் புரட்டினார். கட்டைவிரல் ஒட்டின இடத்தில் நின்றது.

"ஈரமா இருக்கேம்மா."

"தண்ணி கொட்டிடுச்சு."

என்னைப் பார்த்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றிருந்த அஞ்சலையைப் பார்த்தார். நோட்டைக் காக்கி அரை டிராயரில் இரண்டு தரம் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

அதே நோட்டின் முந்தின பக்கத்தில் சித்தப்பா ராமையன் உப்பளத்தில் இருப்பது எழுதியிருந்தது. அண்ணன் ஓடிப்போய்த் தம்பியிடம் ஒளிந்திருக்கிறான் என்று யாரும் நம்பாமல் இருப்பார்களா? என் பொய்க்கு அந்தப் பிள்ளையின் உண்மையே சாட்சியாகப் போயிற்று. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டபோது நான் வகுப்பில் நின்று கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓலைக் கொட்டானில் உப்பு

போலீஸ் கோடியக்கரையில் மூன்று நாள் இருந்தது. அதற்குள் மாரிமுத்து சூளையைவிட்டு வேறு எங்கோ போய்விட்டார். இரண்டு மாசம் கழித்து வக்கீலோடு கோர்ட்டில் வந்து நின்றார். ஜாமீனில் வெளியே வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பஸ்ஸில் காக்கிச் சட்டை ஏறினால் என் கை தானாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். யாராவது "டீச்சர்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். உப்பளத்தில் என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஆடி மாதம், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அஞ்சலை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உப்புக் காற்றில் கறுத்த மனிதர். இடது கையில் ஓலைக் கொட்டான் ஒன்று. வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, நான் ராமையன். அஞ்சலைக்குச் சித்தப்பன்" என்றார். கொட்டானை நீட்டினார். "நம்ம அளத்து உப்பு. வேற என்னத்தக் கொண்டாரது எங்களால? நோட்டுல இருந்ததக் கிழிச்சுப் போட்டுட்டீங்களாமே, அஞ்சலை சொல்லிச்சு. எங்கண்ணன் உசுரு உங்க புண்ணியங்க."

அஞ்சலை பாதிதான் சொல்லியிருக்கிறாள். அவளைப் பார்த்தேன். அவள் கொட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை என்னாச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

கையைக் காட்டினார். விரல்கள் மூடவில்லை. இரண்டு விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றன. "பலகையப் பிடிக்க முடியாதுங்க. உப்பு வார முடியாது. இப்போ அளத்துல காவலுக்கு இருக்கேன். பாதிக் கூலி. அது கிடக்கட்டும், அண்ணன் நல்லா இருக்காரு, அது போதும்."

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியலைங்க டீச்சரம்மா. நான் இங்கேயிருந்து போயி ஏழு வருசம் ஆச்சு. போலீசு நேரா என் அளத்துக்கு வருது. எம்பேரைச் சொல்லிக் கேக்குது. யாருங்க சொல்லியிருப்பா? நீங்க படிச்சவங்க. அவங்க இங்கதானே தங்கியிருந்தாங்க, ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"டீச்சருக்கு எப்படி சித்தப்பா தெரியும்?" என்றாள் அஞ்சலை. பட்டென்று சொன்னாள். பெரிய மனுஷி அதட்டுகிற மாதிரி இருந்தது. "வாங்க, பஸ்ஸு போயிரும்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன்.

அவர் இடது கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பிலும் அவர்களுக்கு நான்தான் இங்கிலீஷ் டீச்சர்; அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் ஐந்து வாக்கியம் எழுதினார்கள். ஆடு வந்தது, மாமா வந்தார், வெள்ளம் வந்தது. அஞ்சலை மட்டும் தன் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுவாள். ஹென்றி சந்தைக்குப் போனான். மேரி பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். கோடுகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும். நானும் டிக் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அந்த உப்பை அம்மா ஒரு வருஷம் சமையலுக்குப் போட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ராமையன் இருக்கிறாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் பேரப்பிள்ளைகள் படித்திருப்பார்கள். இந்தப் பத்திரிகை அங்கேயும் போகிறது. இந்த வயதிலும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை யாராவது அந்தக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுங்கள்.

ராமையன் அண்ணே, சொன்னது நான்தான்.